ஒரே வேலிக்குள் ஏழு ஊர் பார்த்த நர்ஸ்

லேனி டீட்ஸ் என்கிற நர்ஸ் பெண்ணுக்கு நான் நானூற்று ஐம்பது டாலர் கடன்பட்டிருந்தேன். பந்தயத்தில் தோற்ற கடன். ஒன்பது வாரம் கொடுக்காமல் இழுத்தடித்தேன். இதை நானே எழுதிவிடுவது நல்லது. என் மனைவி ஃபெர்ன் எப்படியும் ஊர் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடாகப் போட்டவன். பதினான்கு வயதில் ஆழ்துளைக் கிணறு போடும் லாரியில் ஏறினேன். இன்றைக்கு நெப்ராஸ்காவின் மேற்குக் கோடியில், பெக்வித் ஊரில், ஆஸ்பத்திரிக்கு எதிரே, சக்கர வீடுகள் வந்து நிற்கும் ஆறு ஏக்கர் டிரெய்லர் பார்க் என் பெயரில் இருக்கிறது. இருபத்திரண்டு மனை. ஒவ்வொரு மனைக்கும் தண்ணீர், கரண்டு, கழிவுக் குழாய். அத்தனை பள்ளமும் நான் தோண்டியது. ஒரு பாங்கிலும் ஒரு காசு வாங்காமல் செய்தேன். பாங்கு மேனேஜர் என்னைத் தெருவில் பார்த்தால் அவர்தான் முதலில் தொப்பியைத் தொடுவார். டெல்பர்ட் ஹாஸ்காம்ப் யாருக்கும் கடன் வைத்ததில்லை என்று கல்லறையில் பொறிக்கச் சொல்லி, கல்லுக்குக்கூட முன்பணம் கட்டியாயிற்று. அப்பேர்ப்பட்டவனை ஒரு இருபத்திரண்டு வயதுப் பெண் கடனாளி ஆக்கினாள்.

அவள் வந்தது ஒரு மே மாதம், பன்னிரண்டாம் தேதி மத்தியானம். பழைய நீலப் பிக்கப் வண்டி, அதன் பின்னால் பதினெட்டு அடி டிரெய்லர். டிரெய்லர் பழையதுதான், ஆனால் கடன் புதிது. அதை அவளே சொன்னாள். கேட்டுக்குள் நுழையும்போதே என் தபால் பெட்டியைச் சாய்த்தாள். நான்காம் மனையில் ரிவர்ஸ் எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. டிரெய்லர் இடப்பக்கம் போக வேண்டுமென்றால் அவள் ஸ்டியரிங்கையும் இடப்பக்கம் திருப்புவாள், அது வலப்பக்கம் போகும். பார்க்கிலிருந்த கிழவர்கள் எல்லாம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஊருக்கு சர்க்கஸ் வந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது.

"எத்தனை நாள் தங்கப் போறேம்மா?" என்றேன்.

"ஒரு ராத்திரிதான் பெரியவரே. நான் டிராவல் நர்ஸ். மூணு மாசத்துக்கு ஒரு ஊரு. நாளைக்கு ஏஜென்சிக்குப் போன் பண்ணா முதல் ஊரு எதுன்னு சொல்லிடுவாங்க."

"இதுவரைக்கும் எந்தெந்த ஊர்ல வேலை பார்த்திருக்கே?"

"இனிமேதான். மூணு வாரம் முன்னாடிதான் பரீட்சை பாஸ் பண்ணேன்."

தபால் பெட்டிக்கு நாற்பது டாலர் எண்ணி வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அவள் மர மேசையில் உட்கார்ந்து ஏஜென்சிக்குப் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், நான் பக்கத்தில் தற்செயலாகப் புல் வெட்டிக்கொண்டிருந்தேன். மெஷினைத் தற்செயலாக நிறுத்தியும் இருந்தேன்.

"எத்தனை வருஷ அனுபவம்?" என்று கேட்டான் ஒரு பையன், தேன் ஒழுகும் குரலில்.

"மூணு வாரமா லைசென்ஸ் இருக்கு."

பிறகு அவன் பொறுமையாக விளக்கினான். டிராவல் நர்ஸ் என்றால் போய் இறங்கிய அன்றைக்கே வார்டை எடுத்துப் பார்க்க வேண்டும். சொல்லிக்கொடுக்க அங்கே யாருக்கும் நேரம் இருக்காது. குறைந்தது ஒரு வருஷம் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை பார், இரண்டு வருஷம் என்றால் இன்னும் நல்லது, அப்புறம் கூப்பிடு என்றான். ஊர் சுற்றுகிற வேலைக்கு முதல் தகுதி, ஒரே ஊரில் கிடப்பது. கல்லூரியில் நாலு வருஷம் படித்தவளுக்கு இது தெரியவில்லை.

போனை வைத்துவிட்டுத் தன் டிரெய்லரைப் பார்த்தாள். அந்த மாதத் தவணைக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது. பிறகு ரோட்டுக்கு எதிர்ப்புறம் பார்த்தாள். ஆஸ்பத்திரி வாசலில் "நர்ஸ்கள் தேவை" என்று மூன்று வருஷமாக ஒரு பலகை தொங்கிக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலமே பேசி முடித்துவிட்டு வந்தாள். ஜூன் மாதம் பதினாலாம் தேதி வேலையில் சேர வேண்டும். சேரும்போதே ஒன்பதாயிரத்து அறுநூறு டாலர் கையில் தருகிறார்கள் என்று குதித்தாள். அப்படியே கொண்டுபோய் டிரெய்லர் கடனில் கட்டப்போகிறாளாம். ஃபெர்ன்தான் அந்தக் காகிதத்தை வாங்கி முழுசாகப் படித்தாள்.

"ஏண்டிம்மா, ரெண்டு வருஷம் இருக்கணும்னு போட்டிருக்கே. முன்னாடியே போனா, மிச்ச மாசத்துக்கு மாசம் நானூறு திருப்பிக் கட்டணுமாம்."

கையெழுத்துப் போடும்போது லேனி அந்தப் பக்கத்தைத் திருப்பவே இல்லை. ஊரில் தங்கு என்று கொடுத்த காசை ஊரை விட்டுப் போகிற வண்டிக்குக் கட்டிய ஒரே ஆளை நான் பார்த்திருக்கிறேன்.

நான் சிரித்தது உண்மை. கொஞ்சம் சத்தமாகவே சிரித்துவிட்டேன். "அறுப்பு சீசன் வர்றதுக்குள்ள யாராவது சோளக்கொல்லைக்காரனைக் கட்டிக்கிட்டு இங்கேயே கிடப்பே பாரு. இந்த டிரெய்லர்ல கோழி வளர்ப்பே" என்றேன்.

அவள் முகம் சிவந்தது. "எவ்வளவு பந்தயம் பெரியவரே?"

ஒரு மாத மனை வாடகை, நானூற்று ஐம்பது என்றேன். மே பன்னிரண்டிலிருந்து இரண்டு வருஷத்துக்குள், வேறு மாநிலத்தில் நர்ஸ் வேலைக்கு, அவளே டிரெய்லரை ஓட்டிக்கொண்டு என் கேட்டைத் தாண்ட வேண்டும். தாண்டாவிட்டால் என் பன்னிரண்டு மர மேசைக்கும் அவள் பெயிண்ட் அடிக்க வேண்டும். ஃபெர்ன் அதை விதைக் கம்பெனி காலண்டரின் பின்பக்கம் எழுதி, இருவரிடமும் கையெழுத்து வாங்கினாள். எனக்கு எழுத்து அவ்வளவு ஓடாது. கையெழுத்து மட்டும் ராஜா மாதிரி போடுவேன்.

அப்படித்தான் ஒரு ராத்திரி தங்க வந்தவள் இரண்டு வருஷத்துக்கு ஒரு நாள் குறைய என் இடத்தில் தங்கினாள்.

அவளுக்கு ஊர் சுற்றும் வெறி எங்கிருந்து வந்தது என்றால், சுற்றாததிலிருந்து வந்தது. அப்பா பால் டேங்கர் ஓட்டுகிறவர். தினம் இருநூறு மைல் போவார், ஆனால் அதே இருநூறு மைல். அம்மா பள்ளிக்கூடச் சமையல்காரி. பிள்ளைகள் ஐந்து. குடும்பமாக அவர்கள் போன ஒரே பயணம் மாநிலக் கண்காட்சிக்கு. அங்கேயும் கடைசிப் பெண்ணுக்கு வாந்தி, மத்தியானமே திரும்பிவிட்டார்கள். கடல் என்றால் லேனிக்குக் காலண்டர்ப் படம்தான்.

வேலையில் சேர்ந்து பதின்மூன்று வாரம் ஆனதும், ஒரு செப்டம்பர் காலையில், என் ஆபீஸ் கதவைத் தட்டினாள்.

"என் காண்ட்ராக்ட் முடிஞ்சுபோச்சு. ஊரு மாத்தணும்."

"ஆஸ்பத்திரியை விட்டுட்டியா?"

"இல்லை. நாலாம் மனையை விட்டுட்டேன். ஒன்பதாம் மனை காலியா இருக்கில்ல? அதான் சியாட்டில்."

டிராவல் நர்ஸ்களுக்குக் காண்ட்ராக்ட் பதின்மூன்று வாரம். அவளும் பதின்மூன்று வாரத்துக்கு ஒரு முறை மாறுவாளாம், என் வேலிக்குள்ளேயே. ஒன்பதாம் மனைக் குழாய் ஓயாமல் சொட்டும். அதனால் அது மழைக்குப் பேர்போன சியாட்டில். எனக்குத் தலை சுற்றியது. ஆனால் வியாபாரி வியாபாரிதான். குழாயைக் கழற்றி மாட்டுவதற்குக் கட்டணம் பதினைந்து டாலர் என்றேன். மறுபேச்சில்லாமல் கொடுத்தாள்.

எண்பது கஜ தூரம்தான். அதற்கு முழு ஏற்பாடும் செய்வாள். பாத்திரங்களைத் துணியில் சுற்றுவாள், அலமாரிக் கதவுகளைக் கட்டுவாள், கொக்கியை மூன்று முறை சரிபார்ப்பாள், டயரில் காற்று அளப்பாள். பக்கத்து மனைக்காரர்களிடம் போய்வருகிறேன் என்று சொல்லிக் கட்டிப்பிடித்துவிட்டு, வண்டியைக் கிளப்பி, என் பார்க்கை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, ஒன்பதாம் மனையில் வந்து நிற்பாள். கிழவர்கள் கையாட்டி வழியனுப்பிவிட்டு, அப்படியே திரும்பி உட்கார்ந்து வரவேற்பார்கள்.

டிசம்பரில் அலாஸ்கா. வடக்கு ஓரம், பதினைந்தாம் மனை. தண்ணீர்க் குழாய் உறைந்து அதைத் தலைமுடி காயவைக்கும் மெஷினால் உருக்கிக்கொண்டிருந்தாள். "ஊர் எப்படியிருக்கு?" என்று கேட்டேன். "ஜனங்க நல்லவங்க, வாடகை வாங்கறவர்தான் மோசம்" என்றாள். மார்ச்சில் டெக்சஸ், ஜூனில் நியூயார்க். நியூயார்க் என்பது துணி துவைக்கும் மெஷின்களை ஒட்டிய மனை. அங்கே சத்தம் ஓயாது. செப்டம்பரில் வாத்துக் குட்டையை ஒட்டி ஃப்ளோரிடா. இரண்டாவது டிசம்பரில் அவள் புத்திசாலி ஆகிவிட்டாள். துணி உலர்த்தும் மெஷினிலிருந்து சூடான காற்று வெளியே வரும் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு அதற்கு ஹவாய் என்று பெயர் வைத்தாள். வெளியே பனி முழங்கால் உயரம். அவள் டிரெய்லர் வாசலில் மட்டும் புல் தெரிந்தது.

பதினைந்து டாலரை ஒவ்வொரு முறையும் வாங்கினேன். தொழில் வேறு, தமாஷ் வேறு.

இதற்கிடையே நிஜமான டிராவல் நர்ஸ்கள் வந்து போனார்கள். அவர்களும் என்னிடம்தான் தங்குவார்கள். ஜார்ஜியாவிலிருந்து ஒருத்தி வந்தாள். லேனி அவளுக்குத் துணி அலமாரி எங்கே, எந்த டாக்டர் காபி குடிப்பதற்கு முன் பேசக்கூடாது என்றெல்லாம் காட்டிக்கொடுத்தாள். அதே வார்டு, அதே வேலை, அந்த ஜார்ஜியாக்காரிக்குச் சம்பளம் இரண்டு மடங்கு. பதின்மூன்று வாரம் கழித்து அவள் கேட்டைத் தாண்டிக் கையாட்டிக்கொண்டு போனபோது, லேனி புல்லில் நின்று வெகுநேரம் பார்த்தாள். அன்றைக்கு மட்டும் நான் கேலி பண்ணவில்லை. ஃபெர்ன் என் காலை மிதித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வருஷம் முடிந்ததும் தேன்குரல் பையன் தானே கூப்பிட்டான். அரிசோனாவில் வேலை இருக்கிறது, வருகிறாயா என்றான். அவளால் முடியவில்லை. இன்னும் பன்னிரண்டு மாதம் பாக்கி. திருப்பிக் கட்ட ஐயாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அந்தக் காசு அவள் உட்கார்ந்திருந்த டிரெய்லராக நின்றுகொண்டிருந்தது.

"மேசைக்கு என்ன கலர் பெயிண்ட் வாங்கட்டும்?" என்று கேட்டேன்.

"உங்க மூக்கு கலர்" என்றாள்.

இரண்டாவது பிப்ரவரியில் என் பித்தப்பையை எடுத்தார்கள். என் அப்பா எழுபத்தெட்டு வயது வரை ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததில்லை. நான் அவரையும் மிஞ்ச வேண்டும் என்றுதான் இருந்தேன். ஆபரேஷன் முடிந்து கண்ணைத் திறந்தால், கட்டில் பக்கத்தில் லேனி. தலைமை நர்ஸ் ரோண்டா, முப்பது வருஷம் அந்த வார்டை ஆண்டவள், வேண்டுமென்றே அவளை எனக்குப் போட்டிருந்தாள்.

படுத்துக்கொண்டே நான், "இன்னிக்கு வார்டு ரொம்ப அமைதியா இருக்கே" என்றேன். மரியாதைக்குச் சொன்னது. அறையிலிருந்த இரண்டு நர்ஸ்களும் பேயைப் பார்த்தவர்கள் மாதிரி திரும்பினார்கள். லேனி ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள். "பெரியவரே! அந்த வார்த்தையை இங்கே யாரும் சொல்லக்கூடாது, சொன்னா கேஸ் குவியும்!" சொல்லி வாய் மூடவில்லை. நெடுஞ்சாலைப் பனியில் வண்டிகள் மோதி ஒன்றன்பின் ஒன்றாக மூன்று ஆம்புலன்ஸ் வந்தது. அன்று முழுக்க நர்ஸ்கள் ஓடினார்கள். ஓடும் ஒவ்வொருத்தியும் என் கதவைத் தாண்டும்போது என்னை முறைத்துவிட்டுப் போனாள்.

அப்போதுதான் அவளைக் கவனித்தேன். என் வாசலில் ரிவர்ஸ் எடுக்கத் தெரியாமல் திணறிய பெண்ணா இது? ஒரு கையில் ஒருவனுக்கு ரத்தம் ஏற்றுகிறாள், தோளில் போன் வைத்து டாக்டரிடம் இரண்டே வாக்கியம் பேசுகிறாள், பயந்துபோன தாயிடம் நின்று நிதானமாகப் பதில் சொல்கிறாள். ரோண்டாவே ஒரு முறை, "லேனி, இதுக்கு என்ன பண்ணலாம்?" என்று கேட்டாள். பத்து ஆள் வைத்து வேலை வாங்கியவன் நான். வேலை தெரிந்த கையைப் பார்த்தால் எனக்குத் தெரியும். ஆனால் அவளிடம் சொல்லவில்லை. தலைக்கனம் ஏறிவிடும்.

மறுநாள் என்னை நடக்க வைத்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு முடியாது என்றேன்.

"அந்தக் கதவு வரைக்கும்தான். அதான் மாநில எல்லைன்னு வச்சுக்குங்க."

"எல்லையைத் தாண்டிப் பதினோரு வருஷம் ஆச்சு எனக்கு."

"தெரியும். நானாவது உங்க பார்க்குல ஆறு ஊரு பார்த்திருக்கேன். நீங்க ஒண்ணுகூடப் பார்க்கலை. நடங்க."

நடந்தேன்.

மார்ச்சில் அவளுடைய ஏழாவது ஊர், இரண்டாம் மனை, வாய்க்கால் ஓரம். பெயர் ஆரிகன், தண்ணீர் பக்கத்தில் இருக்கிறதாம். ஒரே வீச்சில், கண்ணாடியை மட்டும் பார்த்து, ரிவர்ஸ் எடுத்து நிறுத்தினாள். கிழவர்களுக்குப் பொழுதே போகவில்லை.

மே மாதம் ஏஜென்சியிலிருந்து காகிதம் வந்தது. வயோமிங் மாநிலம், முந்நூறு மைல் தள்ளி ஒரு ஊர், பதின்மூன்று வாரம். பந்தயக் கெடு பன்னிரண்டாம் தேதி. அவள் புறப்பட்டது பதினோராம் தேதி காலை. அதற்கு முன் மூன்று நாள் விடாத மழை. ஆரிகன் சேறாகிவிட்டது. அவள் வண்டியைக் கிளப்பியதும் டிரெய்லர் சக்கரம் அச்சு வரை இறங்கியது. பலகை வைத்தாள், ஜல்லி போட்டாள். ஒரு அங்குலம் நகரவில்லை. அவள் அன்று சாயங்காலத்துக்குள் போய்ச் சேர வேண்டும்.

நான் என் டிராக்டரைக் கொண்டுவந்தேன். யாரும் கேட்கவில்லை, நானே கொண்டுவந்தேன். சங்கிலி மாட்டி, பிக்கப்பையும் டிரெய்லரையும் சேர்த்து இழுத்து, பாதையெல்லாம் வழுக்கியதால் நிறுத்தாமல் இழுத்து, கேட்டுக்கு வெளியே தார் ரோட்டில் கொண்டுபோய் விட்டேன்.

லேனி ஜன்னலை இறக்கினாள். சிரித்துக்கொண்டே வலது உள்ளங்கையை விரித்து நீட்டினாள். "எடுங்க பெரியவரே. நானூத்தி அம்பது."

அப்போதுதான் எனக்கு அது தோன்றியது. அதற்கு முன் தோன்றவில்லை என்று நான் சத்தியம் பண்ணத் தயார். ஃபெர்ன் நம்பத் தயாரில்லை.

"நீயே ஓட்டிக்கிட்டுக் கேட்டைத் தாண்டணும்னுதானே எழுத்து? கேட்டைத் தாண்டினது என் டிராக்டர்."

அவள் கை அப்படியே கொஞ்ச நேரம் நீட்டியபடி இருந்தது. பிறகு விரல் மடங்கியது. கோபப்படுவாள், சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். "சரிங்க. டிராக்டருக்கு நன்றி" என்று சொல்லிவிட்டு ஜன்னலை ஏற்றினாள். வண்டி மேற்கே போனது.

ஃபெர்ன் அன்றைக்கு என்னோடு பேசவில்லை. அடுத்த வாரம் பேசினாள்; பேசாமலே இருந்திருக்கலாம்.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரோண்டாவைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தோம். ஃபெர்ன் பீன்ஸும் மாட்டிறைச்சியும் போட்ட காரக் குழம்பு வைத்து, தொட்டுக்கொள்ளப் பட்டை போட்ட இனிப்பு ரோலும் சுட்டிருந்தாள். நான் டிராக்டர் கதையை ரோண்டாவுக்கு நன்றாக விரித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அந்தப் பொண்ணு போகும்போது ஆஸ்பத்திரிக்கு நானூறு கட்டிட்டுப் போச்சு, தெரியுமா டெல்பர்ட்?"

"எதுக்கு?"

"ரெண்டு வருஷம் முடிய ஒரு மாசம் பாக்கி. ஜூன் வரைக்கும் இருந்துட்டுப் போயேன், வயோமிங்காரன் காத்திருக்கேன்னு சொல்றான்ல, எதுக்குக் காசைத் தொலைக்கிறேன்னு நான்கூடக் கேட்டேன். மே பன்னிரண்டுக்குள்ள போயாகணும்னு ஒத்தைக் கால்ல நின்னுச்சு. காரணத்தைச் சொல்லவே இல்லை."

ஃபெர்ன் கரண்டியைக் கீழே வைத்தாள். எழுந்துபோய்ச் சுவரிலிருந்த பழைய காலண்டரைக் கழற்றி, திருப்பி, என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

நானூறு கட்டி நானூற்று ஐம்பது ஜெயிக்கப் பார்த்திருக்கிறாள். லாபம் ஐம்பது டாலர். எந்த மடையன் செய்வான் இந்த வியாபாரத்தை? நான் செய்வேன். எனக்குப் பதினாறு வயதாக இருக்கும்போது ஒருவன் என்னைப் பார்த்து உன்னால் தண்ணீர் எடுக்க முடியாது என்றான். அவன் நிலத்தில், என் காசு போட்டு, இருநூறு அடி தோண்டிக் காட்டியவன் நான். காசு வேறு கணக்கு, இது வேறு கணக்கு. அது எனக்குத் தெரியும். தெரிந்த நானே அவள் கையை மடக்க வைத்தேன்.

"தபால்ல அனுப்பிடறேன்" என்றேன்.

"அவ கையை நீட்டினா. கையில வைக்கணும்" என்றாள் ஃபெர்ன். "ரொட்டி கட்டறேன். காலைல ஆறு மணிக்குக் கிளம்பறோம் கிழவா."

பதினோரு வருஷம் கழித்து மாநில எல்லையைத் தாண்டினேன். வயோமிங்கைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை; காற்று அடிக்கிறது. வழி நெடுக ஃபெர்ன் சந்தோஷமாக இருந்தாள், அது எனக்குச் சந்தேகமாக இருந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அந்த ஆஸ்பத்திரி வண்டி நிறுத்துமிடத்தில் போய் நின்றோம். ஃபெர்ன் முன்னாலேயே போன் பண்ணியிருந்தாள்.

லேனி நீல உடையில் வேகமாக நடந்து வந்தாள். எங்களைக் கண்டதும் நின்றுவிட்டாள்.

"டெல்பர்ட் ஹாஸ்காம்ப் ஊரை விட்டு வெளியே வந்திருக்காரா? யாரு இழுத்துட்டு வந்தது, டிராக்டரா?"

"ஃபெர்ன்" என்றேன்.

"அதைவிடப் பலமான வண்டிதான்." ஃபெர்னைக் கட்டிக்கொண்டாள். "அடுத்தது ஆரிகன். நிஜ ஆரிகன். ஜன்னல்லேருந்து கடல் தெரியுமாம், நேத்துதான் கையெழுத்துப் போட்டேன்." பிறகு என்னைப் பார்த்தாள். "கேட்டைத் தாண்டினது உங்க டிராக்டர்தானே?"

"கேட்டைத் தாண்டித் தார் ரோட்டுல விட்டது டிராக்டர். அங்கேருந்து மாநில எல்லை அறுபது மைல். அதை நீதான் ஓட்டினே" என்றேன். முந்நூறு மைலும் யோசித்துவைத்த வாக்கியம் அது. மன்னிப்புக் கேட்பதில் எனக்குப் பழக்கம் கிடையாது. வந்தவரை அதுதான் வந்தது.

லேனி பையிலிருந்து சின்ன பாட்டிலை எடுத்து என் இரண்டு கையிலும் கை சுத்தம் பண்ணும் மருந்துத் தண்ணீரைப் பிழிந்தாள். "தேய்ங்க. விரலிடுக்கிலயும். உங்க காசு எங்கெங்க கிடந்ததோ." தேய்த்தேன். பிறகு அவள் வலது உள்ளங்கையை விரித்து நீட்டினாள்.

ஐம்பது டாலர் நோட்டாக ஒன்பது வைத்தேன். ஒவ்வொன்றாக, சத்தமாக எண்ணி. ஃபெர்ன் கூடவே எண்ணினாள், என்னை நம்பாமல். லேனி விரலை மடக்கப் போனாள். "இரு" என்றேன். தபால் பெட்டிக் காசைத் திருப்பித் தருவதாக இல்லை. அதை அவள் உடைத்தது நிஜம். சட்டைப் பையிலிருந்து இன்னொரு நோட்டுக் கட்டை எடுத்தேன், குழாய் கழற்றி மாட்டியதற்கு வாங்கிய காசு. சியாட்டிலுக்குப் பதினைந்து. அலாஸ்காவுக்குப் பதினைந்து. டெக்சஸுக்கு, நியூயார்க்குக்கு, ஃப்ளோரிடாவுக்கு, ஹவாய்க்கு. கடைசியாக, வாய்க்கால் ஓரத்து ஆரிகனுக்கு ஒரு பத்தும் ஒரு ஐந்தும்.